பதிமூன்று வருஷம் கழித்து வந்த ரிசல்ட்

அந்த போன் வந்தபோது நான் கடையில் ஒரு அம்மாவுக்கு அரக்கு நிறத்தில் ஜாக்கெட் துணி தேடிக்கொண்டிருந்தேன். தி. நகரில் எங்களுடையது மேட்சிங் கடை. புடவையைக் கொண்டுவந்து நீட்டினால் அதற்குப் பொருந்துகிற துணியை எடுத்துக் கொடுப்பதுதான் தொழில். வந்தவர் மயிலாப்பூர்க்காரர். மூன்று துணிகளைத் தள்ளிவிட்டு, "இது கொஞ்சம் மங்கலா இருக்கே, வேற காட்டுங்கோ" என்றார். நான்காவதைப் புடவை மேல் போட்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோன நேரத்தில் சட்டைப்பையில் போன் அடித்தது.

ஒரு பெண் பேசினாள். ஒரு பெயரைச் சொல்லி, "நீங்க அவங்க அப்பாவா சார்?" என்று கேட்டாள்.

அந்தப் பெயரை வெளியாள் ஒருவர் சொல்லிக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. "ஆமா" என்றேன்.

"சார், நான் மரபணு ஆராய்ச்சிப் பிரிவுல இருந்து பேசுறேன். ரொம்ப வருஷம் முன்னாடி உங்க பொண்ணோட ரத்தம் ஆராய்ச்சிக்காகக் கொடுத்திருந்தீங்க. இப்ப அவங்க எப்படி இருக்காங்க?"

"இல்லைம்மா."

"வெளியூர்ல படிக்கிறாங்களா?"

"இல்லை. அவ இல்லை."

பக்கத்திலிருந்து அந்த அம்மா, "இது சரியா இருக்கும்" என்றார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எண்பது சென்டிமீட்டர் அளந்து வெட்டினேன். கத்தரி நேராகத்தான் போனது.

"மன்னிச்சிடுங்க சார், எங்க ஃபைல்ல அந்தத் தகவல் இல்ல" என்றாள் அந்தப் பெண். பிறகு, "ரிசல்ட் வந்திருக்கு சார். நேர்ல வர முடியுமா? அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

துணியை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். ஃபால்ஸ் வேண்டுமா என்று கேட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அன்று மதியம் என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. கடை திறந்துதான் இருந்தது.

எங்கள் மகளுக்கு ஐந்து வயதில் காது கேட்பது குறைய ஆரம்பித்தது. முதலில் அவளுக்கே அது தெரியவில்லை. "ஏன் எல்லாரும் குசுகுசுன்னு பேசுறீங்க?" என்று எங்களிடம் சண்டை போட்டாள். காது மெஷின் வைத்தோம். அடுத்த வருஷம் கை தூக்க முடியவில்லை. தலை சீவ அவள் அம்மா வர வேண்டியிருந்தது. அப்புறம் நாக்கு. தண்ணீர் குடித்தாலும் புரை ஏறியது. கடைசியில் மூச்சு. எட்டு வயது முடிய இரண்டு மாதம் இருக்கும்போது போய்விட்டாள். நாங்கள் பார்க்காத டாக்டர் இல்லை. நரம்பு சம்பந்தப்பட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பெயர் மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர்தான் ஆராய்ச்சிக்கு என்று கொஞ்சம் ரத்தம் எடுத்து வைக்கலாமா என்று கேட்டார். அவளுடையது, என்னுடையது, என் மனைவியுடையது என மூன்று ட்யூப் எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டோம். அப்போது எதைக் கேட்டாலும் கையெழுத்துப் போட்டிருப்போம்.

என் மனைவி என் தாய்மாமா மகள். என் தங்கையை அவள் தம்பிக்குக் கட்டிக் கொடுத்தோம். திருநெல்வேலிப் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கள் குடும்பங்களில் சாதாரணம். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் அவளுக்கு வேலை. செருப்பைக் கழற்றியதும் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அந்த ரத்தம் இன்னும் இருக்கா?" என்றாள்.

"இருக்குன்னுதான் சொன்னாங்க."

"எங்க?"

"ஃப்ரீசர்ல வெச்சிருப்பாங்களா இருக்கும்."

"நான் அதைப் பார்க்கணும், அத்தான்" என்றாள். ரிசல்ட் என்ன என்று அவள் கேட்கவில்லை. மிச்ச பீன்ஸையும் நறுக்கி முடித்தாள். ராத்திரி பொரியலும் ரசமும் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு அடையாறில் இருந்த அந்த ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போனோம். நாங்கள் அன்று பார்த்த டாக்டர் இப்போது அங்கே இல்லை. அவரிடம் படித்த ஒரு இளம் டாக்டர் இருந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. நோய் என்னவென்றே கண்டுபிடிக்க முடியாத குழந்தைகளின் பழைய மாதிரிகளை எல்லாம் எடுத்து, இப்போது வந்திருக்கும் புதிய முறையில் திரும்பப் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அன்றைக்கு ஒவ்வொரு மரபணுவாக வருஷக்கணக்கில் தேட வேண்டியிருந்ததாம். இன்று மொத்தத்தையும் ஒரே தடவையில் படித்துவிடலாமாம்.

ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். ரிபோஃப்ளேவின் என்று ஒரு வைட்டமின். நாம் சாப்பிடும் சாப்பாட்டில் இருக்கிறது. அதை நரம்புகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க உடம்பில் ஒரு வாசல் வேண்டும். எங்கள் மகளுக்கு அந்த வாசல் சரியாக வேலை செய்யவில்லை. வாசலுக்கான மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. என்னிடம் அதில் ஒரு பிரதி தப்பு, ஒரு பிரதி சரி. மனைவிக்கும் அப்படியே. அதனால் எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகளுக்கு இரண்டு தப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

"எங்க தாத்தாகிட்ட இருந்து வந்திருக்குமா?" என்று கேட்டேன். என் அம்மாவின் அப்பா, அவளுக்கு அப்பாவின் அப்பா.

"தாத்தாவோ பாட்டியோ, யாராவது ஒருத்தர் கிட்ட இருந்து வந்திருக்கலாம் சார். அவங்க தப்பும் இல்ல, உங்க தப்பும் இல்ல."

நோயாளிகளிடம் அவர் வழக்கமாகச் சொல்வதாக இருக்கும். நான் தலையாட்டினேன்.

"இதுக்கு மருந்து இருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "இருக்கு மேடம். அந்த வைட்டமினையே ரொம்ப அதிக அளவுல கொடுக்கணும். பல குழந்தைங்க நல்லா தேறி வராங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா இன்னும் நல்லது."

"மாத்திரையா?"

"மாத்திரைதான்."

வாய்ப்புண் வந்தால் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்குவோமே, அந்த மாத்திரையில் இருக்கும் சமாச்சாரம். எங்கள் வீட்டிலும் ஒரு பட்டை எப்போதும் இருக்கும். அவளுக்கும் ஒன்றிரண்டு கொடுத்திருக்கிறோம். அந்த அளவு எதற்கும் பற்றாது என்று டாக்டர் சொன்னார்.

"அவ இருந்தப்ப இது யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டேன்.

அவர் 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், அதோடு விட்டிருப்பேன். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. "அப்பதான் சார் வெளிய வர ஆரம்பிச்சிருந்தது. வெளிநாட்டுல ஒண்ணு ரெண்டு இடத்துல கொடுத்துப் பார்த்தாங்க. நம்ம ஊர் டாக்டர்களுக்கு வந்து சேரறதுக்குக் கொஞ்ச நாள் ஆச்சு" என்றார்.

எனக்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஏ.சி. சத்தம் கேட்டது. மேஜையில் அவருடைய டிபன் பாக்ஸ் இருந்தது. அவர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார், நாங்கள் நேரமாக்குகிறோம் என்றுதான் தோன்றியது.

மனைவி அந்த ட்யூபைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். டாக்டர் தயங்கினார். அப்புறம் யாருக்கோ போன் செய்தார். எனக்கு போன் செய்த அதே பெண்தான் நீலக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுண்டுவிரல் நுனி அளவில் பிளாஸ்டிக் ட்யூப். மேலே ஒரு நம்பர். உள்ளே அடியில் கொஞ்சம் வெள்ளையாக உறைந்திருந்தது.

"சிவப்பா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள் மனைவி.

"ரத்தத்துல இருந்து டிஎன்ஏவை மட்டும் பிரிச்சு வெச்சிருக்கோம்மா. அது தண்ணி மாதிரிதான் இருக்கும்" என்றாள் அந்தப் பெண்.

"இன்னும் எத்தனை நாள் இருக்கும்?"

"ஃப்ரீசர்லயே இருந்தா பல வருஷம் இருக்கும்மா." கொஞ்ச நேரம் கழித்து, "உருக ஆரம்பிச்சிடும், திரும்ப வைக்கணும்" என்றாள்.

"வெச்சிடுங்க" என்றாள் மனைவி.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது, குழந்தைங்களுக்கு, காது கேட்காம இருக்கா? கை வலு குறையறது, புரை ஏறுறது, இப்படி ஏதாவது?" என்னைப் போலவே மாமா மகளையோ அத்தை மகனையோ கட்டியவர்கள் யார் யார் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மனைவி, "என் தம்பியும் இவர் தங்கச்சியும்" என்றாள்.

அவர்களுக்கு ஒரு மகள். எங்கள் மகள் போன மூன்றாவது வருஷம் பிறந்தவள். தங்கை உண்டானபோது, எங்கள் மகளுக்கு வந்தது இதற்கும் வருமா என்று பார்க்க முடியுமா என்று டாக்டர்களிடம் கேட்டார்கள். நோய்க்குப் பெயரே தெரியாமல் எதைத் தேடுவது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குழந்தை நன்றாகத்தான் பிறந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய்ப் பார்ப்போம். என் மனைவி அந்தக் குழந்தையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. தங்கையும் அவள் மடியில் விட்டதில்லை. அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசிக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெருங்குடிக்குப் போனோம். என் மைத்துனர் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். பக்கத்திலேயே அடுக்குமாடியில் வீடு. அன்று குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்றடித்ததால் ஜன்னல்களை எல்லாம் மூடி வைத்திருந்தார்கள். சின்னவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் தாங்க முடியவில்லை. பத்து வயது. முடியைக் காது மறைய வாரிவிட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் "மாமா, அத்தை" என்றுவிட்டு மறுபடியும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் எப்படி ஆரம்பித்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. டாக்டர் வரைந்து கொடுத்த காகிதத்தை மேஜை மேல் விரித்து வைத்தேன். மைத்துனர் குனிந்து படித்தார். தங்கை படிக்கவில்லை.

"காதுல சளி அண்ணே. காது டாக்டர்கிட்ட காட்டியாச்சு. சரியாயிடும்னு சொல்லியிருக்காரு" என்றாள்.

"மெஷின் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

தங்கை மகளின் காதை மறைத்த முடியைப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்கும்போது புரை ஏறுதா?" என்று என் மனைவி கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அட்மிஷனுக்கு வருபவர்களிடம் விவரம் கேட்கிற அதே குரல்.

தங்கை எழுந்து அடுப்படிக்குப் போனாள். மைத்துனர் காகிதத்திலிருந்து தலையை எடுக்காமல், "ஒரு மாசமா ஏறுதுக்கா. கையும் மேல தூக்க முடியல" என்றார்.

அடுப்படி வாசலிலிருந்து தங்கை திரும்பினாள். "மைனி, என் பிள்ளைக்கும் வரணும்னு இருக்கீங்களா? பதிமூணு வருஷமா எங்க வீட்டுக்கு வந்து வாய் தொறந்து நாலு வார்த்தை பேசினதில்ல. இன்னைக்கு இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?" என்றாள். கத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும். சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை. அதைத் தங்கையும் பார்த்துவிட்டாள்.

என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. "வரணும்னு இல்ல. வந்தாச்சு. இப்ப மருந்து இருக்கு. நாளைக்கே கூட்டிட்டுப் போகணும்" என்றாள்.

தங்கை தரையில் உட்கார்ந்து அழுதாள். மைத்துனர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எனக்கும் என் மனைவிக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தேன். சின்னவள் கோபத்தோடு என்னைப் பார்த்தாள். மறுபடியும் கூட்டி வைத்தேன்.

மறுநாள் காலையில் அவர்கள் டாக்டரிடம் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வருவதற்குச் சில வாரங்கள் ஆகும், அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் அன்றே மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். அவ்வளவு அதிக அளவில் எல்லாக் கடையிலும் கிடைக்காது என்று எங்கே கேட்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நாலாவது நாள் தங்கை கடைக்கு போன் செய்தாள். "அண்ணே, மூத்திரம் பளிச்சுன்னு மஞ்சளா போகுது. பயமா இருக்கு."

"அப்படித்தான் போகும்னு டாக்டர் சொன்னாரே."

"இது சாதாரண மஞ்சள் இல்ல அண்ணே."

எங்கள் கடையில் மஞ்சளில் மட்டும் ஒரு வரிசை முழுக்கத் துணி இருக்கிறது. எலுமிச்சை, மாம்பழம், கடுகு, சந்தனம். நான் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் ஆகாது, நிறுத்திடாத" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறப் போகும் வழியில் மருந்துக்கடையில் நின்றேன். பி காம்ப்ளக்ஸ் ஒரு பட்டை கேட்டேன். கடைக்காரர், "வாய்ப்புண்ணா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன். எதற்கு என்று தெரியவில்லை. மிச்சத்தை மறுநாள் கடை மேஜைக்குள் போட்டேன். அங்கேயேதான் கிடக்கிறது.

சின்னவளின் ரிசல்ட் வந்தது. எங்கள் மகளுக்கு இருந்த அதே எழுத்து, அதே இடம், இரண்டு பிரதியிலும். நாங்கள் கொண்டுபோன காகிதம் இல்லாமல் இருந்தால் எங்கே தேடுவது என்று கண்டுபிடிக்கவே பல மாதம் ஆகியிருக்கும், அந்த மாதங்கள் அவளுக்கு முக்கியமானவை என்று டாக்டர் மைத்துனரிடம் சொன்னாராம். மைத்துனர் அதை என்னிடம் போனில் சொன்னார். "உங்க மகதான் மாமா என் பிள்ளையைக் காப்பாத்தியிருக்கா" என்றார். "நல்லது" என்றேன். கடையில் ஆள் நிற்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் யாரும் இல்லை.

அதை வீட்டில் மனைவியிடம் சொன்னபோது, "அவ எங்க காப்பாத்தினா? அவளுக்கு ஒண்ணுமே தெரியாது, சின்னப் பிள்ளை" என்றாள். சாதம் பரிமாறினாள்.

இரண்டு மாதத்தில் புரை ஏறுவது நின்றது. நாலாவது மாதம் கை மேலே போக ஆரம்பித்தது. தங்கை வீடியோ எடுத்து அனுப்பினாள். சின்னவள் கண்ணாடி முன்னால் நின்று தானே ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்கிறாள். என் மனைவி அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். சமையல் முடித்து வந்து, மறுபடியும் எடுத்து இன்னொரு முறை பார்த்தாள். காது முழுக்கத் திரும்பவில்லை. மெஷின் இருக்கிறது. மாத்திரை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரும் மயிலாப்பூருக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அவர்களாக வருவது வெகு வருஷத்துக்குப் பிறகு. வத்தக்குழம்பு, அவியல், அப்பளம். தங்கையும் மனைவியும் அடுப்படியில் பேசிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது தங்கை பையிலிருந்து டப்பாவை எடுத்து மாத்திரையைக் கொடுத்தாள். சின்னவள் அதை விழுங்கிவிட்டு, சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள்.

"அத்தை, அந்த அக்காவுக்கு இந்த மாத்திரை கொடுக்கலையா?"

தங்கை, "ஏய், சாப்பிடு" என்றாள். மைத்துனர் குனிந்துகொண்டார்.

"கொடுக்கல" என்றாள் என் மனைவி. சின்னவளுக்குக் கேட்கும்படி, முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அப்ப எங்களுக்குத் தெரியாது."

"டாக்டருக்கும் தெரியாதா?"

"எங்க டாக்டருக்குத் தெரியாது."

"அந்த அக்காவுக்கும் புரை ஏறுச்சா?"

"ஏறுச்சு."

"அது ரொம்பக் கஷ்டமா இருக்கும்" என்றாள் சின்னவள். பெரிய மனுஷி ஒருத்தி தன் அனுபவத்தைச் சொல்வதுபோல் இருந்தது. "மூக்கு வழியா தண்ணி வரும். எரியும்."

"ஆமா" என்றாள் மனைவி. "அவளும் அதைத்தான் சொல்வா."

சின்னவள் இன்னொரு அப்பளம் கேட்டாள். மனைவி போட்டாள். சாயங்காலம் காபி குடித்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். ஆட்டோ வரை போய் வழியனுப்பினேன்.

மேலே வந்தபோது மனைவி பாத்திரங்களைக் கழுவாமல் படுத்திருந்தாள். மணி ஆறரைதான். விளக்குகூடப் போடவில்லை. நான் பாத்திரங்களைக் கழுவி வைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. ராத்திரியும் எழுந்திருக்கவில்லை, காலையிலும் எழுந்திருக்கவில்லை. கிட்டே போய் மூச்சைப் பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் போன வாரத்தில்கூட நாலாம் நாளே வேலைக்குப் போனவள்.

எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு போன் செய்து, இன்று அவள் வரமாட்டாள் என்று சொன்னேன். என்ன காரணம் என்று எழுதிக்கொள்வது என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். நானும் அன்று கடை திறக்கவில்லை. அவள் எழுந்திருக்கப் பதினோரு மணி ஆனது.